ஓடும்போது தசை எவ்வளவு ஆக்ஸிஜன் எடுக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடற்பயிற்சியின்போது உடம்பில் நடப்பதை அளக்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். ட்ரெட்மில்லில் ஏறி முகமூடி மாட்டிக்கொள்பவர்கள், தொடையில் சென்சார் கட்டிக்கொள்பவர்கள், அவர்களுக்குத் துணையாக வந்து ஓரமாக உட்கார்ந்திருப்பவர்கள் என்று எல்லாரும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றையும் நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு விஷயம் இதில் திரும்பத் திரும்ப வரும். எண் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், அதை உடம்பில் எந்த இடத்தில் அளந்தார்கள் என்று கேளுங்கள். வாயருகே அளந்தது ஒரு கதை சொல்லும், தசைக்குள் அளந்தது வேறொரு கதை சொல்லும்.

தசைக்கு ஆக்ஸிஜன் எதற்கு?

தசை சுருங்க வேண்டுமென்றால் ஏடிபி என்ற மூலக்கூறு வேண்டும். தசையில் கையிருப்பாக இருக்கும் ஏடிபி ஓரிரு நொடிக்குத்தான் வரும். உடனே கிரியேட்டின் பாஸ்பேட் என்ற இன்னொரு கையிருப்பு கைகொடுக்கும், அதுவும் சில நொடிகளில் குறைந்துவிடும். குளுக்கோஸை ஆக்ஸிஜன் இல்லாமலே பாதி வரை உடைத்துக் கொஞ்சம் ஏடிபி எடுக்கலாம், ஆனால் அந்த வழியில் அதிக நேரம் தாக்குப்பிடிக்க முடியாது. நிமிடக்கணக்கில், மணிக்கணக்கில் ஓட வேண்டுமென்றால் தசை இழைகளுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாதான் கதி. சர்க்கரையையும் கொழுப்பையும் முழுமையாக எரித்து ஏடிபி செய்வது அங்கேதான். அந்த வேலைக்கு ஆக்ஸிஜன் வேண்டும்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு எடுக்கும் ஆக்ஸிஜனில் ஐந்தில் ஒரு பங்குதான் எலும்புத் தசைகளுக்குப் போகிறது. முழு மூச்சாக ஓடும்போது 80 முதல் 90 சதவீதம் தசைகளுக்கே போய்விடும்.

மூச்சை வைத்து எப்படி அளக்கிறீர்கள்?

நாம் உள்ளே இழுக்கும் காற்றில் ஆக்ஸிஜன் 20.93 சதவீதம். மலையிலும் கடற்கரையிலும் இந்தச் சதவீதம் மாறாது, அழுத்தம்தான் மாறும். வெளியே விடும் காற்றில் அது 16, 17 சதவீதமாகக் குறைந்திருக்கும். குறைந்ததை உடம்பு எடுத்துக்கொண்டது.

ஒருவர் மிதமான வேகத்தில் ஓடுகிறார், நிமிடத்துக்கு 60 லிட்டர் காற்றை மூச்சாக விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளிவரும் காற்றில் ஆக்ஸிஜன் 16.93 சதவீதம். அப்படியானால் ஒவ்வொரு 100 லிட்டருக்கும் 4 லிட்டர் உடம்பில் தங்கியிருக்கிறது. 60 லிட்டருக்கு 2.4 லிட்டர். ஒரு லிட்டர் ஆக்ஸிஜனுக்கு ஏறக்குறைய 5 கிலோகலோரி என்று கணக்கு வைத்தால், அவர் நிமிடத்துக்கு 12 கிலோகலோரி செலவழிக்கிறார். வெப்பம், ஈரப்பதம், உள்ளே போன காற்றின் அளவும் வெளியே வந்த காற்றின் அளவும் துல்லியமாக ஒன்றாக இல்லாதது என்று சில திருத்தங்கள் உண்டு. அவற்றைக் கருவியே செய்துகொள்ளும். அடிப்படை என்னவோ நான் சொன்ன கழித்தல் கணக்குதான்.

இந்த யோசனை 200 வருடத்துக்கும் பழையது. 1790ஐ ஒட்டிய வருடங்களில் பாரிஸில் வேதியியல் அறிஞர் லவாய்சியரும் அவருடைய உதவியாளர் செகானும் இதைச் செய்து பார்த்தார்கள். செகான் முகத்தில் முகமூடி மாட்டிக்கொண்டு காலால் மிதிக்கும் வேலை செய்ய, அவர் எடுக்கும் ஆக்ஸிஜன் ஏறுவதைக் கணக்கிட்டார்கள். லவாய்சியரின் மனைவி மரி ஆன் அந்தச் சோதனையைப் படமாக வரைந்திருக்கிறார். மேசையருகே உட்கார்ந்து குறிப்பெடுக்கும் தன்னையும் அதில் சேர்த்து வரைந்தார். எங்கள் ஆய்வகத்தில் இன்றும் காட்சி ஏறத்தாழ அதேதான்: ஒருவர் மிதிக்கிறார், ஒருவர் முகமூடியைக் கவனிக்கிறார், ஒருவர் மேசையில் குறிப்பெடுக்கிறார்.

1911ல் டக்ளஸ் என்ற ஆங்கிலேயர் வெளிவிடும் மூச்சைப் பிடித்து வைக்க ஒரு பெரிய பையை உருவாக்கினார். 1920களில் ஏ.வி. ஹில் அந்தப் பையை முதுகில் கட்டிக்கொண்டு புல்தரையில் தானே ஓடினார். தசை எப்படி வெப்பம் உண்டாக்குகிறது என்ற ஆய்வுக்காக 1922க்கான நோபல் பரிசு பெற்றவர் அவர். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் ஆக்ஸிஜன் எடுப்பது ஏறாமல் நின்றுவிடுகிறது என்று அவர் காட்டினார். அந்த உச்சத்தைத்தான் இன்று விஓ2 மேக்ஸ் என்கிறோம்.

என் விஓ2 மேக்ஸ் 38. நல்லதா, மோசமா?

அதாவது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 38 மி.லி. ஆக்ஸிஜன். சும்மா இருக்கும்போது இது சுமார் 3.5தான். பயிற்சி இல்லாத இளைஞர்களுக்கு 40ஐ ஒட்டி இருக்கும், பெண்களுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். உலகத் தரத்தில் நீண்ட தூரம் ஓடுபவர்களுக்கும் பனிச்சறுக்கு வீரர்களுக்கும் 80ஐத் தாண்டும். முப்பது வயதுக்கு மேல் பத்து வருடத்துக்குச் சுமார் 10 சதவீதம் குறையும், பயிற்சியை விடாமல் செய்தால் அந்தக் குறைவு மெதுவாகும். உங்கள் வயதைச் சொல்லாமல் 38 நல்லதா என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. 25 வயதில் 38 என்றால் நடக்க ஆரம்பியுங்கள் என்பேன். 60 வயதில் 38 என்றால் எழுந்து நின்று கை கொடுப்பேன்.

அப்படியானால் அந்த எண் என் தசையின் திறன்தானே?

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஜெர்மனியின் அடால்ஃப் ஃபிக் 1870ல் ஒரு எளிய உண்மையைச் சொன்னார். உடம்பு எடுக்கும் ஆக்ஸிஜன் என்பது இரண்டு எண்களின் பெருக்கல். ஒன்று, இதயம் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ரத்தம் தள்ளுகிறது. இன்னொன்று, தமனி ரத்தத்துக்கும் சிரை ரத்தத்துக்கும் ஆக்ஸிஜனில் எவ்வளவு வித்தியாசம். போகும்போது எவ்வளவு கொண்டுபோனது, திரும்பும்போது எவ்வளவு மிச்சம் வைத்திருந்தது என்பதுதான் அந்த வித்தியாசம்.

சும்மா இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் தள்ளும். ஒரு லிட்டர் ரத்தம் சுமார் 200 மி.லி. ஆக்ஸிஜன் சுமந்து போய், 50 மி.லி. மட்டும் இறக்கிவிட்டு, 150ஐத் திருப்பிக் கொண்டுவரும். ஆக 5 பெருக்கல் 50, அதாவது 250 மி.லி. உச்சகட்ட ஓட்டத்தில் இதயம் 20 லிட்டர் தள்ளும், ஒவ்வொரு லிட்டரும் 150 மி.லி. இறக்கும். 3,000 மி.லி. மொத்தம் 12 மடங்கு. அதில் 4 மடங்கு இதயம் கூட்டியது, 3 மடங்கு தசை உறிஞ்சிக் கூட்டியது.

வாயருகே வைத்த கருவிக்குப் பெருக்கலின் விடைதான் தெரியும். எந்த எண் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

அமெரிக்காவின் டல்லாஸில் 1966ல் நடந்த சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது வயது மாணவர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். சராசரி விஓ2 மேக்ஸ் நிமிடத்துக்கு 3.3 லிட்டரிலிருந்து 2.4 லிட்டருக்கு இறங்கியது. தசை கெட்டுப்போய்விட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் ரத்தத்திலிருந்து தசை உறிஞ்சும் அளவு கிட்டத்தட்ட மாறவில்லை. இதயம் தள்ளும் ரத்தம்தான் குறைந்திருந்தது. 30 வருடம் கழித்து அதே ஐவரையும் மறுபடி சோதித்தபோது, முப்பது வருட வயது அவர்களிடமிருந்து எடுத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை எடுத்தது அதிகம் என்று தெரிந்தது. காய்ச்சலில் பத்து நாள் படுத்தவர்களை நான் அவசரமாக எழுப்பி நடக்கச் சொல்வதற்கு இந்த ஐந்து பேர்தான் காரணம்.

ஒரே ஒரு தசையை மட்டும் தனியாக அளக்க முடியுமா?

முடியும். 1985ல் கோபன்ஹேகனில் ஆண்டர்சனும் சால்டினும் அருமையாகச் செய்து காட்டினார்கள். ஆளை உட்காரவைத்து, ஒரு காலின் முழங்காலை மட்டும் நீட்டி உதைக்கும்படி ஒரு கருவி. அதில் வேலை செய்வது தொடையின் முன்பக்கத் தசை மட்டும்தான், இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகம். இடுப்பருகே தொடைச் சிரைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி ரத்த ஓட்டத்தை அளந்தார்கள், ரத்தத்தையும் எடுத்துச் சோதித்தார்கள்.

ஒரு கிலோ தசைக்கு நிமிடத்துக்குச் சுமார் 2.5 லிட்டர் ரத்தம் பாய்ந்தது. அதுவரை யாரும் நினைத்துப் பார்த்ததைவிட மிக அதிகம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு 25 கிலோ தசை இருந்து, எல்லாமே ஒரே நேரத்தில் இப்படிக் கேட்டால் இதயம் நிமிடத்துக்கு 60 லிட்டருக்கு மேல் தள்ள வேண்டும். ஒலிம்பிக் வீரருக்கே 40 லிட்டர்தான் எல்லை. தசைகள் குடிக்கத் தயாராக இருக்கின்றன, இதயத்தால்தான் அவ்வளவு ஊற்ற முடிவதில்லை. முழு உடம்பு ஓட்டத்தில் பெரும்பாலான ஆரோக்கியமான ஆட்களுக்கு எல்லைக்கோடு போடுவது இதயம்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

ஆனால் இது குழாய் செலுத்தும் வேலை. மருத்துவர் வேண்டும், தொற்று, ரத்தக்கசிவு பற்றிய கவலை வேண்டும். ஓட வருகிறவர்களுக்கெல்லாம் செய்ய முடியாது.

குத்தாமல், அறுக்காமல் தசைக்குள் பார்க்க வழி உண்டா?

உண்டு, வெளிச்சத்தால். இருட்டில் செல்போன் டார்ச்சின் மேல் விரல்களைச் சேர்த்து மூடிப் பாருங்கள். விரல் சிவப்பாக ஒளிரும். மற்ற நிறங்களை ரத்தமும் திசுவும் விழுங்கிவிடுகின்றன, சிவப்பு மட்டும் தாண்டி வருகிறது. சிவப்புக்குச் சற்று அப்பால், கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளி இன்னும் ஆழமாகப் போகும்.

ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் இறங்கிய ஹீமோகுளோபினும் இந்த ஒளியை வேறு வேறு விதமாக விழுங்குகின்றன. 760 நானோமீட்டர் அலைநீளத்தில் ஆக்ஸிஜன் இல்லாதது அதிகம் விழுங்கும். 850ல் ஆக்ஸிஜன் உள்ளது அதிகம் விழுங்கும். இரண்டு ஒளியையும் அனுப்பி, எது எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்த்தால் உள்ளே எது எவ்வளவு இருக்கிறது என்று சொல்லலாம். 1977ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் யோப்சிஸ் என்பவர் இப்படித் தோலையும் எலும்பையும் தாண்டி மூளைக்குள்ளேயே பார்க்கலாம் என்று காட்டினார். தசைக்கு அது இன்னும் பொருத்தம்.

தொடையில் நாங்கள் கட்டும் சென்சார் ஒரு தீப்பெட்டி அளவுதான். ஒரு முனையில் ஒளி விடும், 3 அல்லது 4 செ.மீ. தள்ளி இன்னொரு முனையில் பிடிக்கும். நடுவில் ஒளி போகும் பாதை வாழைப்பழம் போல வளைந்திருக்கும். அந்த இடைவெளியில் பாதி ஆழம் வரை, அதாவது ஒன்றரை, இரண்டு செ.மீ. வரை எட்டிப் பார்க்கும்.

கொரோனா காலத்தில் விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர்தானே இது?

தாத்தாவும் பேரனும் என்று சொல்லலாம், ஆனால் வேலை வேறு. ஜப்பானின் தகுவோ அயோயாகி 1970களில் கண்டுபிடித்த பல்ஸ் ஆக்ஸிமீட்டர், நாடித்துடிப்போடு ஏறி இறங்கும் பகுதியை மட்டும் பிரித்துப் படிக்கிறது. அது தமனி ரத்தம். நுரையீரல் ரத்தத்தில் ஆக்ஸிஜனை ஏற்றி அனுப்பியதா என்பதைச் சொல்லும். அதனால்தான் அதில் 97, 98 என்று வருகிறது, நீங்கள் ஓடினாலும் பெரிதாக இறங்குவதில்லை.

தசை சென்சார் துடிப்பைப் பொருட்படுத்தாது. நுண்ணிய குழாய்களில் இருக்கும் மொத்த ரத்தத்தையும் சேர்த்துப் படிக்கும். அங்கே பெரும்பகுதி ஆக்ஸிஜனை ஏற்கெனவே இறக்கிவிட்ட ரத்தம். அதனால் சும்மா இருக்கும்போதே 60, 70 என்றுதான் காட்டும். முதல்முறை பார்ப்பவர்கள் பயந்துவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, இரண்டும் அளப்பது வேறு வேறு இடங்களை.

திரையில் ஓடும் கோட்டை எப்படிப் படிப்பது?

சைக்கிள் சோதனையில் தொடைத் தசையின் கோடு பெரும்பாலும் இப்படிப் போகும். உட்கார்ந்திருக்கும்போது 65க்குப் பக்கத்தில் நேராக ஓடும். மிதிக்க ஆரம்பித்து முதல் ஓரிரு நிமிடத்தில் கொஞ்சம் ஏறவும் ஏறும், ரத்தக்குழாய்கள் விரிந்து வரவு கூடிவிடுவதால். எடையைக் கூட்டக் கூட்டக் கோடு இறங்க ஆரம்பிக்கும். 60, 52, 45. மிதிப்பவர் பேசுவதை நிறுத்திவிடுவார். 35க்குப் பக்கத்தில் கோடு சரிவை நிறுத்திக் கிடைமட்டமாகும். அதற்குப் பிறகு ஓரிரு நிமிடம்தான் தாங்குவார். நிறுத்தியதும் சில நொடிகளில் கோடு மேலே திரும்பும், விறுவிறுவென்று ஏறி, ஆரம்பித்த இடத்தையும் தாண்டி உச்சிக்குப் போய், அப்புறம் மெதுவாக வந்து அமரும். ஓய்வெடுக்கும் தசைக்குள் ரத்தம் பாய்ந்து வருவதைக் கண்ணால் பார்ப்பது போல இருக்கும். எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், இன்னும் எனக்கு அலுக்கவில்லை.

சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமல் உட்கார்வது போல நிற்கச் சொன்னால் கோடு இப்படி நிதானமாக இறங்காது, கிணற்றில் கல் விழுவது போல விழும். அசையாமல் இறுகி நிற்கும் தசை தன் ரத்தக்குழாய்களைத் தானே நசுக்கிக்கொள்கிறது.

கோடு இறங்கினால் தசை அதிகம் ஆக்ஸிஜன் எடுக்கிறது என்று அர்த்தமா?

இல்லை. இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது, வீட்டில் குழாய்களும் திறந்திருக்கின்றன. தொட்டியில் மட்டம் இறங்குகிறது. வீட்டில் அதிகம் செலவாவதாலா, மோட்டார் குறைவாக ஏற்றுவதாலா? மட்டத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. மட்டம் அசையாமல் இருந்தாலும் செலவு இல்லை என்று அர்த்தமில்லை, வரவும் செலவும் சமமாக ஓடிக்கொண்டிருக்கலாம். தசை சென்சார் காட்டுவது மட்டத்தைத்தான்.

கடைகளில் விற்கும் சென்சாரை வாங்கிக் காலில் கட்டிக்கொண்டு, கோடு அதிகம் இறங்கியவன்தான் பலசாலி என்று பேசிக்கொள்பவர்களைப் பார்க்கிறேன். ரத்தக்குழாய் அடைப்பு உள்ள காலிலும் கோடு நன்றாகவே இறங்கும்.

அப்படியானால் செலவை எப்படித் தனியாக அளப்பது? அதற்குத்தான் பிபி பட்டையா?

ஆமாம். தொட்டிக்கு வரும் குழாயை மூடிவிட்டால் போதும். அதற்குப் பிறகு மட்டம் எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ, அதுதான் செலவு.

தொடையின் மேல்பகுதியிலோ மேற்கையிலோ பட்டையைக் கட்டி, 250 மி.மீ. பாதரசம் அளவுக்கு, தமனியே மூடும்படி சட்டென்று காற்றை ஏற்றுகிறோம். ரத்தம் உள்ளேயும் வராது, வெளியேயும் போகாது. சிக்கிய ரத்தத்திலிருந்து தசை ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டே இருக்கும். திரையில் ஆக்ஸிஜன் உள்ள ஹீமோகுளோபினின் கோடு இறங்க, இல்லாததன் கோடு கண்ணாடியில் பார்ப்பது போல அதே அளவு ஏறும். இரண்டின் கூட்டுத்தொகை நேர்க்கோடாக நிற்கும். அது நேராக நிற்காவிட்டால் பட்டை சரியாக இறுகவில்லை என்று அர்த்தம், மறுபடி செய்வோம்.

ஓய்வில் இருக்கும் தசையில் கோடு அடிமட்டத்துக்கு வர நான்கு, ஐந்து நிமிடம்கூட ஆகும். ஒரு நிமிடம் கையை இறுக்கித் திறந்து பயிற்சி செய்துவிட்டு உடனே பட்டையை ஏற்றினால் அதே கோடு செங்குத்தாக விழும். அந்த இரண்டு சரிவுகளின் வித்தியாசம்தான் பயிற்சி கூட்டிய செலவு.

கையில் என்ன உணர்வீர்கள் என்றால், முதலில் இறுக்கம், ஒரு நிமிடத்தில் மதமதப்பு, அப்புறம் கை வெளிறிக் குளிர்வது போல இருக்கும். பட்டையைத் தளர்த்தியதும் விரல்நுனி வரை சூடு பாயும், தோல் சிவக்கும். வலி என்று சொல்ல முடியாது, ஆனால் இதமான அனுபவமும் இல்லை. வீட்டில் கயிறு கட்டியோ துணி இறுக்கியோ இதை முயன்று பார்க்காதீர்கள். ரத்தம் உறையும் சிக்கல் உள்ளவர்களுக்கும் காலில் ரத்தக்குழாய் அறுவை செய்தவர்களுக்கும் நாங்களே இதைச் செய்வதில்லை.

மைட்டோகாண்ட்ரியாவின் திறனையும் இதே பட்டையால் சொல்ல முடியுமாமே?

சொல்ல முடியும், எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சோதனை இது. அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் மெக்கல்லியின் ஆய்வகம் இதை நன்றாக வளர்த்தெடுத்தது. கொஞ்ச நேரம் தசையை வேலை வாங்கி நிறுத்துவார்கள். உடனே 5 நொடி பட்டையை இறுக்கி, 5 நொடி விட்டு, மறுபடி இறுக்கி என்று தொடர்ந்து பத்து, இருபது முறை செய்வார்கள். ஒவ்வொரு 5 நொடியிலும் ஒரு குட்டிச் சரிவு கிடைக்கும். முதல் சரிவு செங்குத்தாக இருக்கும், அடுத்தது கொஞ்சம் சாய்வாக, அதற்கடுத்தது இன்னும் சாய்வாக. வேலை முடிந்த பிறகு தசை கிரியேட்டின் பாஸ்பேட் கையிருப்பை நிரப்பிக்கொண்டு அமைதியாவதை அந்தச் சரிவுகள் வரிசையாகக் காட்டும். எவ்வளவு சீக்கிரம் அமைதியாகிறதோ, மைட்டோகாண்ட்ரியா அவ்வளவு வலுவானது. நீண்ட தூரம் ஓடிப் பழகியவர்களுக்கு, பயிற்சி இல்லாதவர்களுக்கு ஆகும் நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் ஆகும்.

இதன் அழகு என்னவென்றால், எவ்வளவு கடினமாக உழைத்தார் என்பது முக்கியமில்லை. திரும்பி வரும் வேகம்தான் முக்கியம். அதனால் முதியவர்களிடமும் செய்யலாம். தண்டுவட அடிபட்டுக் கால் அசையாதவர்களிடமும் மின்தூண்டலால் தசையை இயக்கிச் செய்யலாம்.

எம்ஆர்ஐ காந்தத்துக்குள் படுக்கவைத்துப் பாஸ்பரஸின் சமிக்ஞையைப் படித்தும் இதே விஷயத்தை அளக்கலாம். கிரியேட்டின் பாஸ்பேட் மீள்வதை நேரடியாகவே பார்க்கலாம். செலவு அதிகம், காந்தக் குகைக்குள் கால் உதைப்பது சிரமம்.

தசையைக் கொஞ்சம் எடுத்தே பார்ப்பார்களாமே?

ஆமாம். மரத்துப்போக ஊசி போட்டு, தொடையின் வெளிப்பக்கத்திலிருந்து அரிசி மணி, உளுந்து அளவுக்குத் திசு எடுப்பார்கள். ஸ்வீடனின் பெர்க்ஸ்ட்ரோம் 1962ல் இந்த ஊசி முறையைப் பரவலாக்கினார். எடுத்த இழைகளை ஒரு சிறு கலத்தில் போட்டு, ஆக்ஸிஜன் குறைவதை நேரடியாக அளக்கலாம். மைட்டோகாண்ட்ரியாவைப் பற்றி இவ்வளவு துல்லியமாக வேறு எதுவும் சொல்லாது. ஆனால் அங்கே இதயமும் இல்லை, ரத்தமும் இல்லை.

ஒளி சென்சாரில் தவறு எங்கெல்லாம் வரும்?

முதல் எதிரி தோலுக்கடியில் உள்ள கொழுப்பு. ஒன்றரை செ.மீ. கொழுப்பு இருந்தால் ஒளி தசையைத் தொடாமலே திரும்பிவிடும், கோடு அசையவே அசையாது. அவர் தசை வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. அதனால் முதலில் கொழுப்பின் தடிமனை அளந்துவிட்டுத்தான் சென்சாரைக் கட்டுகிறேன்.

இரண்டாவது, தோல் நிறம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஒளியை விழுங்கும். பல்ஸ் ஆக்ஸிமீட்டரிலேயே இது பெரிய பிரச்சினை: 2020ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்திருப்பதைக் கருவி தவறவிடுவது வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று தெரிந்தது. நம்மைப் போன்ற நிறமுள்ளவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கருவி வாங்கும்போது எந்த நிறத் தோலில் சோதித்தீர்கள் என்று நான் தவறாமல் கேட்கிறேன், நீங்களும் கேளுங்கள். ஒருவருடைய எண்ணை இன்னொருவரின் எண்ணோடு ஒப்பிடாமல், அவரவரின் பட்டைச் சோதனையில் கிடைத்த அடிமட்டத்தையும் உச்சத்தையும் 0, 100 என்று வைத்துப் படித்தால் இந்தப் பிழை வெகுவாகக் குறையும்.

மூன்றாவது, தசைக்குள்ளேயே இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம். ஹீமோகுளோபின் போலவே ஒளியை விழுங்கும், பிரித்தறிய முடியாது.

என் கைக்கடிகாரம் விஓ2 மேக்ஸ் காட்டுகிறதே?

காட்டும், ஆனால் அளக்கவில்லை. இதயத் துடிப்பையும் ஓடும் வேகத்தையும் பார்த்து ஊகிக்கிறது. வெயிலில் ஓடினால் அதே வேகத்துக்குத் துடிப்பு கூடும், உடனே உங்கள் திறன் குறைந்துவிட்டது என்று அது முடிவு செய்யும். மாதக்கணக்கில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

செலவில்லாமல் வேண்டுமென்றால் 1968ல் அமெரிக்க மருத்துவர் கென்னத் கூப்பர் சொன்ன வழி இருக்கிறது. 12 நிமிடத்தில் முடிந்த அளவு தூரம் ஓடுங்கள். மீட்டரில் 504.9ஐக் கழித்து 44.73ஆல் வகுங்கள். 2,400 மீட்டர் ஓடினால் 42 வரும். இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

ஓட ஆரம்பித்த முதல் நிமிடம் மூச்சுத் திணறி, அப்புறம் சரியாகிறதே, ஏன்?

தசையின் தேவை முதல் அடியிலேயே முழுதாக எழுந்துவிடுகிறது. ஆக்ஸிஜன் எடுப்பு மெதுவாக ஏறி ஒன்றரை, இரண்டு நிமிடத்தில்தான் அதை எட்டிப் பிடிக்கும். இடைப்பட்ட நேரத்தைக் கையிருப்பிலிருந்து சமாளிக்கிறோம். பயிற்சி உள்ளவர்களுக்கு இந்த ஏற்றம் சீக்கிரம் நடக்கும். ஓடி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் மூச்சு வாங்குவது கையிருப்பை நிரப்பத்தான். ஹில் இதை ஆக்ஸிஜன் கடன் என்றார். அந்தக் கடனுக்கெல்லாம் லாக்டிக் அமிலம்தான் காரணம் என்று அவர் நினைத்தது பின்னால் சரியில்லை என்று தெரிந்தது, ஆனால் கடன் என்ற சொல் நிலைத்துவிட்டது.

நோயாளிகளுக்கு இதனால் என்ன பயன்?

நிறைய. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று ஒருவர் வருகிறார். இதயமா, நுரையீரலா, ரத்தமா, தசையா? இடம் இடமாக அளந்தால்தான் தெரியும்.

இதயச் செயலிழப்பு உள்ளவர்களில், உச்ச ஆக்ஸிஜன் எடுப்பு கிலோவுக்கு 14 மி.லி.க்குக் கீழே போனால் மாற்று இதயம் பற்றி யோசிக்க வேண்டும் என்று 1991ல் ஓர் ஆய்வு காட்டியது. இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இப்போது அது 12. உயிர் சார்ந்த முடிவுக்கு முகமூடிச் சோதனை துணை நிற்கிறது.

ரத்தசோகையைப் பாருங்கள். ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மி.லி. ஆக்ஸிஜன் சுமக்கும். 15 கிராம் உள்ளவருக்கு 100 மி.லி. ரத்தத்தில் 20 மி.லி., 8 கிராம் உள்ளவருக்கு 11கூட இல்லை. விரலில் மாட்டினால் இருவருக்கும் 98தான் காட்டும். லாரிகளின் எண்ணிக்கை பாதியாகிவிட்டது, ஒவ்வொன்றிலும் ஏறிய பாரம் மட்டும் முழுசு. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. சோம்பேறித்தனம் என்று வீட்டில் திட்டு வாங்கும் எத்தனையோ பெண்களின் களைப்பு இந்தக் கணக்கில் இருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கும்.

மைட்டோகாண்ட்ரியா நோய் உள்ளவர்களிடம் நேர்மாறாக நடக்கும். இதயம் தாராளமாக ரத்தம் தள்ளும், ரத்தமும் நிறைவாக இருக்கும், தசையால் எடுத்துக்கொள்ள முடியாது. கையை இறுக்கித் திறந்து பயிற்சி செய்யும்போது தொட்டி மட்டம் இறங்குவதற்குப் பதில் ஏறும். சிரை ரத்தம் கருஞ்சிவப்பாக வராமல் பளிச்சென்ற சிவப்பாக வரும். சத்துக் குறைவு, மனக்கவலை என்று வருடக்கணக்கில் அலைக்கழிக்கப்பட்ட ஒருவருக்கு, அந்த ஏறும் கோடு நோய் எங்கே இருக்கிறது என்று முதன்முதலாகக் காட்டிக்கொடுக்கலாம்.

சோதனைக்கு வரும்போது என்ன செய்ய வேண்டும்?

சாப்பிட்டு இரண்டு, மூன்று மணி நேரம் கழித்து வாருங்கள், வெறும் வயிற்றோடு வர வேண்டாம். அன்று காலை காபி, டீ வேண்டாம், துடிப்பை மாற்றிவிடும். முந்தின நாள் கடுமையாக ஓடாதீர்கள். சாப்பிடும் மாத்திரைகளை எழுதிக் கொண்டுவாருங்கள், நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். தாடி இருந்தால் முகமூடியில் காற்று கசியும், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். தொடையில் சென்சார் கட்டுவதாக இருந்தால் அரைக்கால் டிரவுசர் வேண்டும். காலில் எண்ணெய் தடவிக்கொண்டு வராதீர்கள், சென்சார் ஒட்டாது.